பிளாக் டை விருந்துக்கு நானே தைத்த கவுனும் தட்டைச் செருப்பும் போட்டுக்கொண்டு போகலாமா?

கேட்டவர் லண்டனில் இருக்கிறார். கணவரின் நிறுவனம் நடத்தும் இரவு விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அட்டையில் 'பிளாக் டை' என்று போட்டிருக்கிறது, அதாவது முறையான மாலை உடையில் வரவேண்டும். அம்மாவின் பழைய காஞ்சிப் பட்டை வைத்து நீளமான கவுன் ஒன்றைத் தானே தைத்துக்கொண்டிருக்கிறார். பாவாடைக்கு மடிப்பு வைத்தாயிற்று. மேல்பாகத்தோடு இன்னும் சேர்க்கவில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே குதிகால் வலிக்கிறது என்பதால் ஹீல்ஸ் முடியாது. தட்டையான செருப்போடு போனால் தப்பாக நினைப்பார்களா, வீட்டில் தைத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடுமா, பேசாமல் சேலையே கட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் இன்றைக்கே உட்கார்ந்து இடுப்புத் தையலைப் போட்டுவிடாதீர்கள். முதலில் போய்ச் செருப்பை வாங்குங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் இதே ஊரில் ஆல்டரேஷன் வேலை செய்கிறவள். கிறிஸ்துமஸ் விருந்துகள் நெருங்கும்போது என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி நீள கவுன்கள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே கோரிக்கை, கீழே குறைக்க வேண்டும். கடைகளில் தொங்கும் கவுன்களைப் பெரும்பாலும் ஐந்தரை அடிக்கு மேற்பட்ட உயரத்தையும், அதற்குமேல் ஒரு ஹீல்ஸையும் மனதில் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். நம் உயரத்துக்கு, அதுவும் தட்டைச் செருப்போடு போட்டால், துணி தரையைப் பெருக்கும். அதற்குப் பயந்தே பலர் கால் வலித்தாலும் ஹீல்ஸ் போடுகிறார்கள். நீங்கள் சொந்தமாகத் தைப்பதால் அந்தச் சிக்கலே உங்களுக்கு இல்லை. உங்கள் செருப்புக்குத் தக்கபடி உடையின் நீளத்தை வைத்துக்கொள்ளலாம். சொந்தத் தையல், தட்டைச் செருப்பு என்று இரண்டு குறைகளைச் சேர்த்துச் சுமப்பதாக நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ முதலாவதுதான் இரண்டாவதைச் சாத்தியமாக்குகிறது என்று படுகிறது.

உங்கள் விஷயத்தில் செருப்பு முதலில் வரவேண்டியதற்கு இன்னொரு காரணம் அந்தப் பட்டே. சாதாரணத் துணியில் தைத்திருந்தால் கடைசியில் கீழ்மடிப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். காஞ்சிப் பட்டில் கீழே இருப்பது பார்டர். அதை வெட்டவும் மடிக்கவும் யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அப்படியானால் நீளத்தை இடுப்பில்தான் சரிசெய்ய வேண்டும். சேலையின் அகலம் 46 முதல் 48 அங்குலம் இருக்கும். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள ஒருவருக்கு இடுப்பிலிருந்து தரை வரை 38, 39 அங்குலம். ஆக ஏழிலிருந்து பத்து அங்குலம் வரை மேலே மிச்சம். எவ்வளவு எடுப்பது என்பதைச் செருப்பின் உயரம்தான் சொல்லும். மேல்பாகத்தோடு சேர்த்துத் தைத்து, உள்ளே இருப்பதையும் வெட்டி எறிந்த பிறகு செருப்பை மாற்றினால் பிரித்துத்தான் தைக்க வேண்டும். பழைய பட்டில் பிரித்த ஊசித்துளை மறையாது.

அளவெடுப்பது எளிது. செருப்பைப் போட்டுக்கொண்டு, அன்றைக்குப் போடப்போகிற அதே உள்ளாடையோடு நில்லுங்கள். இடுப்பில் ஒரு நாடாவை இறுக்கமாகக் கட்டுங்கள். மடிப்பு வைத்த பாவாடையை, சேலைக் கொசுவத்தைச் செருகுவதுபோலவே, அந்த நாடாவுக்குள் சுற்றிவரச் செருகுங்கள். முன்பக்கம் பார்டர் தரையிலிருந்து முக்கால் அங்குலம் மேலே நிற்கட்டும். பின்பக்கம் அரை அங்குலம் போதும். சேலையை நாம் பாதம் மறையக் கட்டிப் பழகியவர்கள், அதனால் இது உங்களுக்குக் குட்டையாகத் தெரியலாம். ஆனால் சேலையை நடக்கும்போது இரண்டு விரலால் தூக்கிக்கொள்ளக் கை தானாகப் போகும், கவுனில் போகாது. படியேறும்போது முன்விளிம்பை மிதித்துவிட்டு முன்னால் விழப்போனவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நாடாவின் கீழ்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு நேராக வராது. வயிறு, பின்னிடுப்பு எல்லாருக்கும் மேடு பள்ளம்தான். அந்தக் கோணல் கோட்டிலேயே தைத்தால்தான் கீழே பார்டர் நேராக நிற்கும். பிறகு ஒரு கையில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். அதில் தட்டவில்லை என்றால் தைக்கலாம்.

மேலே மிச்சமாகும் துண்டை எறியவேண்டாம். இரண்டு பக்கமும் பார்டர் உள்ள சேலையாக இருந்தால் அந்தத் துண்டில் மேல்பார்டர் அப்படியே இருக்கும். இடுப்புப் பட்டைக்கோ கை ஓரத்துக்கோ அது அழகாக உட்காரும்.

வெட்டுவதற்கு முன் பட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. இன்னும் பார்க்கவில்லை என்றால் மடிப்புக் கோடுகளை மட்டுமாவது பாருங்கள். வருஷக்கணக்கில் பீரோவில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். ஜரிகையும் அங்கேதான் உடையும். பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பகுதி மேல்பாகத்துக்கு வரக்கூடாது. பாவாடை மடிப்பின் உள்பக்கம் மறைந்துவிட்டால் பாதகமில்லை. அதேபோல் கோர்வைப் பட்டாக இருந்தால், உடலும் பார்டரும் கோர்த்து நெய்த அந்த இணைப்பு அழகானதுதான், ஆனால் இழுவிசைக்கு ஏற்ற இடம் இல்லை. மார்பு டக்கோ கையிடுக்கோ அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்பாகத்துக்கு நான் செய்வது இது. மல்மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, அதே அளவில் வெட்டி, பட்டின் உள்பக்கம் வைத்து ஓரத்தில் நூலோட்டி, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தைப்பேன். உட்காரும்போதும் கை தூக்கும்போதும் விழுகிற இழுப்பைப் பருத்தி வாங்கிக்கொள்ளும், பட்டு சும்மா மேலே இருக்கும். ஊசி 11-ஆம் எண், தையல் கொஞ்சம் நீளம். குண்டூசியை உள்ளே போகும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். பாவாடைக்கு லைனிங் தனியாகத் தொங்கட்டும், பட்டைவிட ஒரு அங்குலம் குட்டையாக. பாலியஸ்டர் சாட்டின் வேண்டாம். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையின் காற்று வறண்டிருக்கும், அதில் பாலியஸ்டர் காலோடு ஒட்டிக்கொண்டு படபடக்கும். விஸ்கோஸ் லைனிங் கிடைக்கிறது, அதுவே போதும். பார்டரின் உள்பக்கம் சேலைக்கு வைக்கிற ஃபால்ஸையே கைத்தையலில் வைத்துவிடுங்கள். கனத்தோடு தொங்கும், செருப்பின் கொக்கியில் ஜரிகை மாட்டாமலும் இருக்கும். பக்கத் தையலில் ஒரு பையும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய கவுன்காரர்கள் எல்லாரும் போனை எங்கே வைப்பது என்று தவிப்பார்கள்.

இனி, வீட்டில் தைத்தது என்று தெரியுமா என்ற கேள்வி. காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இஸ்திரிதான். தையல் கடையில் ஒவ்வொரு தையல் போட்டதும் அதைப் பிரித்துப் படியவைத்துத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த தையலுக்குப் போவார்கள். வீட்டில் எல்லாவற்றையும் தைத்து முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு தேய் தேய்ப்போம். அப்போது உள்ளே தையல்கள் குவிந்து மேலே வரிவரியாகத் தெரியும். பட்டுக்கு மிதமான சூடு, மேலே ஒரு பருத்தித் துணி. ஜரிகையின்மேல் நேராக நீராவி வேண்டாம். அடுத்தது கழுத்து: குனிந்தால் விலகும் கழுத்து, எவ்வளவு விலை உயர்ந்த துணியானாலும் அரைகுறையாகத்தான் தெரியும். மூன்றாவது, முடிச்சு வெட்டாமல் தொங்கும் நூல். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பத்தடி தள்ளி நிற்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் வந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறவர், நிச்சயமாகத் தானும் தைக்கிறவராகத்தான் இருப்பார். அவர் உங்களைச் சும்மா விடமாட்டார், மேசை விட்டு மேசை வந்து பேசுவார்.

கையால் நூற்ற துணியும் செருப்புமாகப் பெரிய இடத்துக்குப் போனவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் காந்திதான். 1921 செப்டம்பரில் மதுரையில் வரித்துக்கொண்ட அந்த அரையாடையில்தான் 1931-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த தேநீர் விருந்துக்கும் போனார். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டவர் அவர். ஆனாலும் அவரை எடுத்துக்காட்டி உங்களைத் தேற்ற மாட்டேன். அவருக்கு அந்த உடையால் சொல்லவேண்டிய அரசியல் ஒன்று இருந்தது. நீங்கள் சாப்பிட்டு, நாலு பேரிடம் பேசிவிட்டு, கால் வலிக்காமல் வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

செருப்புக்கு வருவோம். பிளாக் டை என்பது அடிப்படையில் ஆண்களின் உடைக்கான சொல்: கறுப்பு டின்னர் ஜாக்கெட், கறுப்பு வில்முடிச்சு. பெண்களுக்கு அதன் பொருள் நீளமான மாலை உடை, கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் முழங்கால் தாண்டிய உடை. அந்த மரபில் குதிகால் உயரத்துக்கு அளவே கிடையாது. இன்னும் சொன்னால், ஆண்களின் மாலை உடைக்கு மிகப் பழைய மரபான காலணி 'ஆப்பரா பம்ப்': பட்டு ரிப்பன் வைத்த, பாதம் தெரியும் தட்டையான ஷூ. பெண்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நடன விருந்துகளுக்குப் போட்டது மெல்லிய அடி வைத்த தட்டையான சாட்டின் ஸ்லிப்பர்தான். ஹீல்ஸ் இல்லாமல் மாலை உடை நிறைவுறாது என்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

பழக்கம் என்றாலும் வாசலில் நிற்கிறவர்கள் அதைச் சட்டமாக்கிவிடுவதுண்டு. 2015-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் தட்டைச் செருப்பு போட்ட பெண்களைச் சிவப்புக் கம்பளத்தில் தடுத்தார்கள் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. பாதத்தின் ஒரு பகுதி அறுவைசிகிச்சையில் எடுக்கப்பட்ட டென்மார்க் தயாரிப்பாளர் ஒருவரையும் நிறுத்தியிருக்கிறார்கள். மறு ஆண்டே ஹாலிவுட் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் அங்கே வெறுங்காலோடு நடந்தார். 2025-ல் விழா வெளியிட்ட உடை விதிகளில், நேர்த்தியான காலணி போதும், ஹீல்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று எழுதியே வைத்துவிட்டார்கள்; ஸ்னீக்கருக்கு மட்டும் அனுமதி இல்லை. உங்கள் ஊரிலேயே, தட்டை ஷூ போட்டு வந்ததற்காக வரவேற்பு வேலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, 2017-ல் அது நாடாளுமன்ற விவாதம் வரை போனது. இன்றைக்கு ஒரு நிறுவன விருந்தின் வாசலில் உங்கள் காலைக் குனிந்து பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆனால் 'தட்டை' என்று சொல்லிவிட்டு கண்டதையும் வாங்கிவிடாதீர்கள். தட்டையாக இருப்பதெல்லாம் சுகமாக இருக்காது. காலையில் முதல் அடியில் குதிகால் வலி என்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, இன்னும் காட்டவில்லை என்றால் கால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் அந்த வலி உள்ளவர்களுக்குக் காகிதம் மாதிரி அடி வைத்த பாலே ஷூ ஹீல்ஸைப் போலவே கெடுதல் செய்யும் என்பதை என் வாடிக்கையாளர்களிடம் கேட்டே தெரிந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது ஒரு அங்குலத்துக்குள் அகலமான குதிகால், உள்ளே மெத்தை, பாதவளைவுக்கு ஒரு தாங்கல், பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு வார். மருத்துவர் கொடுத்த இன்சோல் இருந்தால் அதைக் கையோடு கொண்டுபோய், உள்ளே வைத்துப் பார்த்தே வாங்குங்கள். சாயங்காலமாகப் போங்கள், பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில் சரியாக இருப்பதுதான் விருந்திலும் சரியாக இருக்கும். தோல், வெல்வெட், சாட்டின் எதுவானாலும் மினுக்கம் அடங்கியதாக, முனை கொஞ்சம் குறுகியதாக இருந்தால் மாலை உடையோடு சேரும். நிறத்தைப் பட்டோடு பொருத்தத் தேடி அலையவேண்டாம், கிடைக்காது. பழைய ஜரிகையின் மங்கிய பொன்னிறம் எந்தக் காஞ்சிப் பட்டுக்கும் ஒத்துவரும்.

ஊரிலிருந்து ஜூத்தி (பூவேலை செய்த வட இந்தியத் தட்டை ஷூ) வரவழைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அழகுதான். ஆனால் புதிய ஜூத்தி முதல் சில நாள் கடிக்கும், அடி தகடு மாதிரி இருக்கும், மேலே உள்ள ஜர்தோசி என்கிற உலோக நூல் பூவேலை பட்டின் உள்விளிம்பை இழுத்துப் பிசிறாக்கும். கோலாப்பூரிச் செருப்பு நம் நாட்டின் பெருமை. 2025-ல் இத்தாலிய பேஷன் நிறுவனமான பிராடா அதையே போன்றதொரு செருப்பை மிலானில் மேடையேற்றி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று இந்தியாவில் எல்லாரும் கேட்டபிறகுதான் மூலத்தை ஒப்புக்கொண்டது. இருந்தாலும் உங்கள் குதிகாலுக்கும் லண்டன் மழைக்கும் அது சரிப்படாது. ஈரத் தோல் அடியோடு பளிங்குத் தரையில் நடப்பது வம்பு.

எதை வாங்கினாலும் விருந்துக்கு முன் சில மாலை நேரங்கள் வீட்டிலேயே போட்டு நடங்கள். அடிப்பாகம் வழுக்கினால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

சேலையே கட்டிவிடலாமா? கட்டலாம், அதில் தவறே இல்லை. மேற்கத்திய மாலை உடைக்குப் பதில் தேசிய உடை என்பது இங்கே பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதைவிடக் கடுமையான உடைவிதி கொண்ட நோபல் பரிசு விழாவுக்கு 2019-ல் பொருளாதாரப் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி வேட்டியிலும், பிரான்சில் பிறந்த எஸ்தர் டுஃப்லோ சேலையிலும் வந்தார்கள். ஆனால் பாதி தைத்த கவுனைத் தயக்கத்தால் மட்டும் மூட்டைகட்டி வைப்பதாக இருந்தால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. அம்மாவின் சேலையைத் துணிந்து கத்தரித்தாயிற்று, அதுதான் கஷ்டமான காரியம்.

சென்னையிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சிக்கல் வேறு மாதிரி. பழைய கிளப்புகள் சிலவற்றில் செருப்புக்கே தடை இருந்தது, ஷூ வேண்டும் என்பார்கள். 2014-ல் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விடாத பிறகு, அதே ஆண்டு சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றி வேட்டிக்கு வழி திறந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். போகுமுன் வரவேற்பில் ஒரு போன் போட்டுக் காலணி விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விருந்து நாளைக்கு வருவோம். ஏழு மணி என்றால் முதல் ஒரு மணி நேரம் கையில் தம்ளரோடு நின்றுகொண்டே இருக்கவேண்டும், பிறகுதான் சாப்பாட்டு மேசை. குதிகாலுக்குச் சோதனை அந்த ஒரு மணி நேரம்தான். சுவரோரம் இருக்கும் நாற்காலியைக் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் போவதாக இருந்தால் நடைஷூவையே போட்டுக்கொண்டு போய், கோட்டு வைக்கிற இடத்தில் மாற்றிக்கொண்டு பையை அங்கேயே கொடுத்துவிடுங்கள். இந்த ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். பார்டர் நனையாமல் இருக்க, போகும்போது பாவாடையைத் தூக்கி இடுப்பில் ஒரு எலாஸ்டிக் பட்டைக்குள் செருகி, மேலே நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டால் போதும். கைப்பையில் பட்டின் நிறத்தில் நூல் கோர்த்த ஊசி ஒன்று, ஊக்கு இரண்டு.

எங்கே வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால், நானே தைத்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். "சும்மா வீட்டில் தைத்தது, சரியாக வரவில்லை, இங்கே கொஞ்சம் கோணல்" என்று நம் பெண்கள் தொடங்கிவிடுவார்கள். அதுவரை யாரும் பார்க்காத கோணல் அப்போதுதான் எல்லார் கண்ணிலும் படும்.

செருப்பு வாங்கியதும் அதன் குதிகால் உயரத்தையும் உங்கள் இடுப்பு அளவையும் கீழே எழுதுங்கள். இப்போது வைத்திருக்கும் மடிப்பின் எண்ணிக்கையும் ஆழமும் அப்படியே இருக்கலாமா, இடுப்பில் பருமனாகத் தெரியாமல் இருக்க மாற்ற வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.